எந்த ஸ்டேஷன் பக்கம் வீடு பார்க்கலாம்?



பனி உருகித் தெருமுனைகளில் ‘ஓப்பன் ஹவுஸ்’ அட்டைகள் முளைக்கும் காலம் இது. நம் பத்திரிகைக்கு வரும் கடிதங்களிலும் அது தெரிந்துவிடும். பொங்கல் விழாப் படங்களும் அரங்கேற்ற அழைப்பிதழ்களும் குறைந்து, ஒரே கேள்வி ஆளுக்கு ஆள் வேறு சொற்களில் வரும். “நியூ யார்க்குக்கு ரயில் இருக்கணும், பள்ளிக்கூடம் நல்லா இருக்கணும், நம்ம ஆளுங்க நாலு பேர் பக்கத்துல இருக்கணும். நியூ ஜெர்சியில் எந்த ஊர் சார்?” எழுதுகிறவர் பெரும்பாலும் ஜெர்சி சிட்டியிலோ எடிசனிலோ வாடகைக்கு இருப்பார். மூத்த பிள்ளைக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. ஆகஸ்டில் லீஸ் முடிகிறது. செப்டம்பரில் பள்ளி திறப்பதற்குள் சாவி கைக்கு வந்தாக வேண்டும்.

ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிட்டால் எனக்கும் வேலை குறைவு. ஆனால் இந்தச் சின்ன மாநிலத்தில் 564 உள்ளாட்சிகள். வரி ஒவ்வொன்றுக்கும் தனி, வீடு கட்டும் விதிகள் தனி, பள்ளி நிர்வாகமும் பெரும்பாலும் தனி. தெருவின் இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் வேறு ஊர் என்பதெல்லாம் இங்கே சர்வ சாதாரணம். தபால் முகவரியை நம்பினால் போச்சு. ‘பிரின்ஸ்டன்’ என்று முகவரி போட்ட வீடு வரி கட்டுவது பிளெயின்ஸ்பரோவுக்கோ சவுத் பிரன்ஸ்விக்குக்கோ வெஸ்ட் விண்ட்சருக்கோ இருக்கலாம்; அந்த வீட்டுப் பிள்ளை பிரின்ஸ்டன் பள்ளிக்குப் போகாது. ஷார்ட் ஹில்ஸ் என்பது மில்பர்ன் டவுன்ஷிப்பின் ஒரு பகுதி. பாஸ்கிங் ரிட்ஜ், பெர்னார்ட்ஸ் டவுன்ஷிப்பில் அடங்கும். மெட்ரோபார்க் ஸ்டேஷன் இருக்கும் ஐஸ்லின், உட்பிரிட்ஜைச் சேர்ந்தது. பிரின்ஸ்டன் ஜங்ஷன் இருப்பதோ பிரின்ஸ்டனில் இல்லை, வெஸ்ட் விண்ட்சரில். அங்கே இறங்கி ‘டிங்கி’ என்று செல்லமாக அழைக்கப்படும் குட்டி ரயிலில் ஏறினால்தான் பிரின்ஸ்டன். (வெஸ்ட் விண்ட்சருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1938-ல் ஆர்சன் வெல்ஸ் ஒலிபரப்பிய வானொலி நாடகத்தில் செவ்வாய்க் கிரகவாசிகள் வந்து இறங்கிய குரோவர்ஸ் மில் இங்கேதான் இருக்கிறது. இன்றைய வீட்டு விலையைக் கேட்டிருந்தால் வந்த வழியே திரும்பியிருப்பார்கள்.) விளம்பரத்தில் உள்ள ஊர்ப் பெயரை ஒதுக்கிவிட்டு, வரி ரசீதில் எந்த டவுன்ஷிப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கதவு எண்ணுக்கு எந்தத் தொடக்கப் பள்ளி என்று கல்வி மாவட்ட அலுவலகத்தையே கேட்டுவிடுங்கள். ஏஜென்ட் சொன்னது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது எதுவும் வேண்டாம்.

சரி, ரயிலுக்கு வருவோம். இந்த ஊர்களைப் பணக்கார ஊர்களாக்கியதே ரயில்தான். ஜன்னல் திரையைச் சுருட்டும் ஸ்பிரிங் உருளையைக் கண்டுபிடித்துச் சம்பாதித்த ஸ்டூவர்ட் ஹார்ட்ஷார்ன், 1877-ல் நிலம் வாங்கி ஷார்ட் ஹில்ஸை அமைக்கத் தொடங்கியபோது ஸ்டேஷனுக்கும் சேர்த்தே திட்டம் போட்டார். ரயில் நிற்காத மலைச்சரிவில் யார் வந்து குடியேறுவார்கள்? நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் கதை மாறவில்லை. 1996 வரை சவுத் ஆரஞ்ச், மேப்பிள்வுட், சம்மிட் ஊர்க்காரர்கள் ஹோபோக்கனில் இறங்கி வேறு வண்டி மாறித்தான் மன்ஹாட்டன் போனார்கள். அந்த ஆண்டு ‘மிட்டவுன் டைரக்ட்’ வந்தது; ஏறிய ரயிலிலேயே பென் ஸ்டேஷனில் இறங்கலாம் என்றானது. வீட்டு விலை ஏறியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ராரிட்டன் வேலி தடத்தில் உள்ள வெஸ்ட்ஃபீல்ட், கிரான்ஃபோர்ட் மக்கள் இன்றும் பரபரப்பு நேரத்தில் நூவார்க்கில் மாறித்தான் போகிறார்கள். அந்தத் தடத்தில் மின்கம்பி முழுக்க இல்லை. டீசல் எஞ்சினை ஹட்சன் ஆற்றுச் சுரங்கத்துக்குள் ஓட்ட முடியாது. நல்ல ஊர்கள்தான். ஆனால் நூவார்க் பிளாட்பாரத்தில் ஜனவரிக் குளிரில் நிற்பதையும் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு விளம்பரத்தில் ‘மன்ஹாட்டனுக்கு ஒரு மணி நேரம்’ என்று இருக்கும். அது ரயிலின் கணக்கு. உங்கள் கணக்கு வேறு. பிரின்ஸ்டன் ஜங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு 12 நிமிடம், வண்டியை நிறுத்திவிட்டு நடக்க 7, காத்திருக்க 5, ரயிலில் 65, பென் ஸ்டேஷன் படிக்கட்டு ஏறி அலுவலக லிஃப்ட் வரை 15. மொத்தம் 104 நிமிடம். இது எதுவும் பிசகாத நாளில். போக வர மூன்றரை மணி நேரத்தை வழியில் விட்டுவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது பிள்ளை பல் துலக்கிவிட்டுப் படுக்கப் போயிருக்கும். வாரம் மூன்று நாள் அலுவலகம் போனால் போதும் என்பவர்களுக்கு இது தாங்கும். ‘இனி ஐந்து நாளும் வர வேண்டும்’ என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் தாங்குமா என்பதையும் இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். அப்படி மின்னஞ்சல் பெற்றவர்கள் நம் வாசகர்களிலேயே நிறையப் பேர்.

ஸ்டேஷன் பார்க்கிங் என்று ஒன்று இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை. பல ஊர்களில் ஸ்டேஷனை ஒட்டிய இடம் பெர்மிட் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்களுக்குத்தான். கோவிட்டுக்கு முன் சில ஸ்டேஷன்களில் பெர்மிட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். வீடு வாங்கிய அன்றே பெயரைப் பதிவு செய்யுங்கள் என்று பழைய ஆட்கள் சொல்வது இதனால்தான். ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு கிடைத்தால், அறை ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை என்பேன். இரண்டாவது கார் வேண்டாம், பெர்மிட் வேண்டாம், பனி கொட்டும் காலையில் கண்ணாடி சுரண்ட வேண்டாம்.

ரயிலின் உடல்நிலையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹட்சன் ஆற்றின் அடியில் செல்லும் இரண்டு சுரங்கக் குழாய்களும் 1910-ல் திறந்தவை. 2012 சாண்டி புயலில் கடல்நீர் புகுந்து, அந்த உப்பு இன்னமும் உள்ளே அரிக்கிறது. ஹேக்கன்சாக் ஆற்றின் மேலே உள்ள பழைய போர்ட்டல் பாலத்துக்கும் அதே வயது. படகுக்கு வழிவிடத் திரும்பிய பாலம் மறுபடி சரியாகப் பொருந்தாமல், ஆட்கள் சம்மட்டி கொண்டு அடித்துப் பொருத்திய கதை இந்தத் தடத்தில் போகிற எல்லாருக்கும் தெரியும். புதுச் சுரங்கம் தோண்டும் திட்டம் ஒன்றை 2010-ல் அன்றைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி நிறுத்தினார். மறுபடி வேறு பெயரில் இப்போதுதான் வேலை நடக்கிறது. 2024 ஜூலையில் கட்டணம் 15 சதவீதம் ஏறியது. அதே கோடையில் மின்கம்பி அறுந்து ரயில்கள் மணிக்கணக்கில் நின்றன. 2025 மே மாதம் எஞ்சின் ஓட்டுநர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பேருந்தில் போகலாமே என்றால், லிங்கன் சுரங்கத்துக்குக் காலையில் பேருந்துக்கென்று தனித் தடம் உண்டு. மாலையில் திரும்பும்போது கிடையாது.

ஆகவே வீட்டைப் பார்ப்பதற்கு முன் ஸ்டேஷனைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வார நாளில், முடிந்தால் மழை நாளில், காலை ஏழு மணிக்குப் போய் நில்லுங்கள். பிளாட்பாரத்தில் கோடும் குறியும் எதுவுமே இருக்காது. ஆனாலும் நாலு பேர் இங்கே, ஆறு பேர் அங்கே என்று கொத்துக் கொத்தாக நிற்பார்கள். ரயில் வந்து நின்றால் கதவு சரியாக அவர்கள் முன்னால் திறக்கும். உட்கார இடம் அவர்களுக்கு. தள்ளி நின்றவருக்கு நின்றபடி பயணம். அந்த ரயிலிலேயே ஏறி நகரத்துக்குப் போய், மாலை ஆறு மணி ரயிலில் திரும்பி வாருங்கள். பென் ஸ்டேஷனில் பலகையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டம், தடம் எண் விழுந்த நொடியில் படிக்கட்டை நோக்கிப் பாய்வதைப் பார்த்தால் பல விளம்பர வாசகங்கள் மறந்து போகும்.

இன்னொரு விஷயம். நம் குடும்பங்களில் இரண்டு பேரும் மன்ஹாட்டன் போவது குறைவு. ஒருவர் அங்கே, இன்னொருவர் ரூட் ஒன் பக்கத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்திலோ மருந்துக் கம்பெனியிலோ இருப்பார். யாருக்கு அருகில் வீடு? பள்ளியிலிருந்து ‘பிள்ளைக்குக் காய்ச்சல்’ என்று அழைப்பு வந்தால் இருபது நிமிடத்தில் போய் நிற்கக்கூடியவர் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது அம்மா என்று தீர்மானித்துவிட்டே நாம் ஊர் தேடுகிறோம். வீட்டுக்காரம்மாவின் வேலைக்கும் ஒரு பயண நேரம் உண்டு என்பதைச் சில கடிதங்களில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி, எல்லாரும் முதலில் கேட்கும் பள்ளி.

பத்துக்குப் பத்து மதிப்பெண் வாங்கிய பள்ளி என்று இணையத்தில் பார்த்துவிட்டுத்தான் பலர் வரைபடத்தையே திறக்கிறார்கள். அந்த எண் பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்ணிலிருந்து வருவது. தேர்வு மதிப்பெண்ணோ பெற்றோரின் படிப்பையும் வருமானத்தையும் ஒட்டியே நடப்பது. படித்த, வசதியான பெற்றோர் கூடிய ஊரில் மதிப்பெண் உயரும். மதிப்பெண் உயர்ந்த ஊருக்குப் படித்த, வசதியான பெற்றோர் வருவார்கள். இதில் ஆசிரியரின் பங்கு எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லாது. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் வீட்டு விலையில் லட்சக்கணக்கான டாலர் வித்தியாசம் இருக்கும்போது, வாங்குவது கல்வியா பக்கத்து வீட்டாரின் சம்பளமா என்று கேட்பதில் தப்பில்லை. எண்ணுக்குப் பதில் கேட்க வேண்டிய கேள்விகள் சில்லறைக் கேள்விகள்தான். கிண்டர்கார்டன் முழு நாளா, அரை நாளா? வசதியான ஊர்கள் சிலவற்றிலேயே அரை நாளாக இருந்துவந்தது. 2029-30 கல்வியாண்டுக்குள் எல்லா மாவட்டங்களும் முழு நாளாக்க வேண்டும் என்று 2025-ல்தான் சட்டம் வந்தது. அரை நாள் என்றால் மீதி அரை நாளுக்கு யார்? பள்ளி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளும் இடத்தில் சீட் இருக்கிறதா? தொடக்க, நடுநிலைப் பிள்ளைகளுக்குப் பள்ளி இரண்டு மைலுக்கு மேல் இருந்தால்தான் இலவசப் பேருந்துக்கு உரிமை. உங்கள் வீடு அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?

பத்துக்குப் பத்தின் மறுபக்கத்தையும் நம் சமூகம் பார்த்திருக்கிறது. 2015-ல் வெஸ்ட் விண்ட்சர்–பிளெயின்ஸ்பரோ கல்வி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் பெற்றோருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பிள்ளைகள் மன அழுத்தத்தில் இருக்கிறார்கள், சிலருக்கு மனநல மதிப்பீடு தேவைப்பட்டிருக்கிறது என்பதுதான் அதன் சாரம். உயர்நிலைப் பள்ளியில் இடைத்தேர்வும் இறுதித்தேர்வும் நீக்கப்பட்டன. வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள் வந்தன. ஊர் இரண்டாகப் பிரிந்தது. ‘எங்கள் பிள்ளைகளின் உழைப்பை மட்டுப்படுத்துகிறார்கள்’ என்று சொன்ன பக்கத்தில் ஆசியப் பெற்றோர் பலர் இருந்தார்கள், நம்மவர்களும் இருந்தார்கள். நியூ யார்க் டைம்ஸ் வரை அந்த வாதம் போனது. சில பிள்ளைகளுக்கு அந்த ஓட்டம் பிடிக்கும், ஓடட்டும். எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்காது. வயலின் வாசிக்க ஆசைப்படுகிற, ஆனால் அதில் சுமாரான பிள்ளைக்குப் பள்ளி ஆர்க்கெஸ்ட்ராவில் இடம் கிடைக்குமா? கணக்கில் நடுத்தரமான பிள்ளை அந்த வகுப்பில் தன்னை மக்கு என்று நினைத்துக்கொள்ளுமா? தரப்பட்டியலில் இரண்டாம் வரிசையில் இருக்கும் ஊர்களை நான் அதிகமாகச் சிபாரிசு செய்வது இதற்காகவும்தான்.

வரி. நியூ ஜெர்சியில் வீடு வாங்குகிறவருக்கு இது இரண்டாவது மாதத் தவணை. அமெரிக்காவிலேயே வீட்டு வரி மிக அதிகமான மாநிலம் இது. சராசரி ரசீது 2024-ல் 10,000 டாலரைத் தாண்டியது. நாம் பேசிக்கொண்டிருக்கும் ரயில் ஊர்கள் சிலவற்றில் அதைப் போல் இரு மடங்கு. ஆண்டுக்கு 20,000 என்றால் மாதம் ஏறத்தாழ 1,667 டாலர். கடன் முப்பது ஆண்டில் தீரும், இது தீராது. இந்தப் பணத்தில் பாதிக்கும் சற்று மேலே பள்ளிக்குப் போகிறது. கடைசிப் பிள்ளை கல்லூரிக்குப் போனதும் பல வீடுகளின் முன்னால் ‘விற்பனைக்கு’ பலகை எழுவதற்குக் காரணம் தேட வேண்டாம். கடைத்தெருவும் அலுவலகக் கட்டடங்களும் நிறைய உள்ள ஊரில் அவர்களும் சுமையைப் பகிர்ந்துகொள்வார்கள். வீடும் மரமும் மட்டுமே உள்ள அழகான ஊரில் முழுச் சுமையும் வீட்டுக்காரர் தலையில். மத்திய வருமான வரியில் இதைக் கழித்துக்கொள்ளலாமே என்றால், 2018 முதல் மாநில வரியும் வீட்டு வரியும் சேர்த்து 10,000 டாலர்தான் உச்சவரம்பு என்று இருந்தது. 2025-ல் அதை 40,000 ஆக்கினார்கள். வருமானம் மிக உயர்ந்தவர்களுக்கு அது சுருங்கும். உங்கள் கணக்காளரிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நம்மவர்கள் நேரே சமையலறைக்குப் போவார்கள். கிரானைட் மேடையைத் தடவிப் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் பேஸ்மென்ட்டுக்கு இறங்குங்கள். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறதா? சுவரின் அடி இரண்டடிக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறதா? ஃபர்னஸின் கால்களில் துருப்பிடித்த கோடு ஒன்று ஒரே உயரத்தில் சுற்றி ஓடுகிறதா? தரையில் குழி தோண்டி வைத்த சம்ப் பம்ப்புக்கு மின்சாரம் போனால் ஓட பேட்டரி இருக்கிறதா? 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் மிச்சம் இந்த மாநிலத்தில் ஏறத்தாழ 30 உயிர்களைக் கொண்டுபோனது. மில்பர்ன் கடைத்தெருவில் ஆறு ஓடியது, கிரான்ஃபோர்ட் மூழ்கியது. இரண்டும் எல்லாரும் ஆசைப்படும் ஊர்கள். வீட்டில் வெள்ளம் வந்தது தெரிந்திருந்தால் விற்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று 2024 முதல் சட்டம் இருக்கிறது. கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பழைய வீடு என்றால் தோட்டத்து மண்ணுக்கடியில் எண்ணெய்த் தொட்டி புதைந்திருக்கிறதா என்று கருவி வைத்துச் சோதிப்பதும் இங்கே வழக்கம். கசிந்த தொட்டியை எடுத்து மண்ணைச் சுத்தம் செய்யும் செலவு, மிச்சம் பிடித்து வைத்த பணத்தையெல்லாம் தின்றுவிடும்.

சமையலறையில் பார்க்க வேண்டியது மேடையை அல்ல, அடுப்புக்கு மேலே உள்ள விசிறியை. நிறைய வீடுகளில் அது புகையை வெளியே அனுப்புவதில்லை. ஒரு வலையில் வடிகட்டி உங்கள் முகத்திலேயே திருப்பி ஊதும். கடுகு வெடித்து, மிளகாய் கிள்ளிப் போட்ட மறு நொடி மாடியில் புகை அலாரம் கூவும். சுவருக்கு வெளியே குழாய் போகிறதா என்று வெளியே போய் நின்று பாருங்கள்.

அப்பா அம்மா வருவார்களே, அவர்களை நினைத்தீர்களா? ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று மதுரையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வருகிறார்கள். வாழ்நாள் முழுக்கக் காலையில் எழுந்து நடந்து, டீக்கடையில் நாலு பேரிடம் பேசி, பேப்பர் படித்தவர் அப்பா. நீங்கள் வாங்கியிருப்பதோ ஒரு ஏக்கர் புல்வெளியில் தனி வீடு. தெருவில் நடைபாதையே இல்லை; வசதியான ஊர்கள் பலவற்றில் அப்படித்தான். கார்கள் நாற்பது மைல் வேகத்தில் போகும் சாலை ஓரத்தில் வேட்டியோடு அவர் நடக்க முடியாது. கோயிலுக்குப் போக வேண்டுமானால் பிரிட்ஜ்வாட்டர் வரை யாராவது கார் ஓட்ட வேண்டும். முதல் மாதம் பேரப்பிள்ளையோடு ஓடிவிடும். இரண்டாவது மாதம் ஜன்னல் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். மூன்றாவது மாதம் டிக்கெட்டை முன்கூட்டி மாற்ற முடியுமா என்று கேட்பார். நடந்து போகும் தூரத்தில் ஒரு நூலகம், ஒரு பூங்கா, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு தாத்தா. இவை இருக்கும் ஊரில் ஒரு படுக்கையறை குறைந்த வீடு போதும். அம்மாவுக்குக் கருவேப்பிலை வாங்கப் போகும் கடையும் நடக்கிற தூரத்தில் இருந்தால் அதிர்ஷ்டம். எடிசன், ஐஸ்லினில் ஓக் ட்ரீ ரோட்டை ஒட்டியவர்களுக்குத்தான் அந்தப் பாக்கியம்.

‘நம்ம ஆளுங்க இருக்காங்களா’ என்ற கேள்விக்கு ஏஜென்ட் மழுப்புகிறார் என்று சிலர் குறைப்படுகிறார்கள். அவர் மழுப்பவில்லை, சட்டத்துக்குக் கட்டுப்படுகிறார். 1968-ல் வந்த நியாயமான குடியிருப்புச் சட்டப்படி, இனத்தையும் மதத்தையும் பிறந்த நாட்டையும் வைத்து ஒருவரை ஒரு ஊருக்கு அனுப்பவோ இன்னொன்றிலிருந்து விலக்கவோ கூடாது. கறுப்பின மக்களை நல்ல ஊர்களுக்கு வெளியே வைக்க ஏஜென்ட்டுகளும் வங்கிகளும் பல பத்தாண்டுகள் செய்த காரியத்துக்குப் போட்ட பூட்டு அது. நாம் இந்த ஊர்களுக்குள் தாராளமாக நுழைய முடிவதும் அந்தப் பூட்டினால்தான். பதில் வேண்டுமானால் சனிக்கிழமை நூலகத்துக்கும், மாலையில் பூங்காவுக்கும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கும் போய்ப் பாருங்கள், கண்ணே சொல்லிவிடும்.

விசாவையும் சொல்லாமல் விட முடியாது. இந்தியாவில் பிறந்தவர்களுக்குக் கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். எச்-1பியில் இருப்பவர் வேலை போனால் அறுபது நாளில் வேறு வேலையோ வேறு வழியோ தேட வேண்டும். அந்த நிலையில் இருப்பவர் வீடு வாங்கக் கூடாது என்பதில்லை. பிள்ளைகள் பச்சை அட்டைக்காகக் காத்திருந்து வளர மாட்டார்கள். ஆனால் இரண்டு சம்பளத்தையும் கடைசி டாலர் வரை நம்பித் தவணை கட்டுகிற வீடு வேண்டாம். ஆறு மாதத் தவணையும் வரியும் கையிருப்பில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் வக்கீல் பார்த்து மாற்றவோ ரத்து செய்யவோ மூன்று வேலை நாள் இங்கே வாய்ப்பு உண்டு, அதையும் வீணாக்காதீர்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு மலைப்பாக இருந்தால், என் ஆலோசனை ஒன்றுதான்: அந்த ஊரில் முதலில் ஒரு ஆண்டு வாடகைக்கு இருங்கள். பிளெயின்ஸ்பரோவின் ஃபாக்ஸ் ரன், ஹண்டர்ஸ் கிளென் போன்ற அபார்ட்மென்ட்களில் நம்மில் எத்தனை குடும்பங்கள் அமெரிக்க வாழ்க்கையைத் தொடங்கின! அங்கிருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளையும் வெஸ்ட் விண்ட்சரில் மில்லியன் டாலர் வீட்டுப் பிள்ளையும் போவது ஒரே கல்வி மாவட்டத்துக்குத்தான். ‘வாடகை வீண் செலவு’ என்ற பழைய பாட்டை இங்கே அப்படியே பாட வேண்டாம். 2020, 21-ல் மூன்று சதவீதத்துக்கும் குறைவான வட்டிக்குக் கடன் வாங்கியவர்கள் வீட்டை விட்டு அசைய மாட்டேன் என்கிறார்கள். சந்தையில் வீடு குறைவு, ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர் போட்டி. அவசரத்தில் சோதனையே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து வாங்குகிறார்கள். ஒரு ஆண்டு வாடகையில் குளிர்காலம், மழை, ரயில், பள்ளி, அண்டை வீட்டார் எல்லாம் தெரிந்துவிடும்.

இதோடு சேர்த்து ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். எல்லா ஊரும் நடுத்தர, எளிய குடும்பங்களுக்கான வீடுகளுக்கும் இடம் விட வேண்டும் என்று நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1975-ல் மவுன்ட் லாரல் வழக்கில் தீர்ப்பளித்தது. அதன்படி புது அபார்ட்மென்ட் வருகிறது என்றதும் டவுன்ஷிப் கூட்டத்தில் மைக் பிடித்து ‘பள்ளி நெரிசலாகிவிடும், ஊரின் தன்மை போய்விடும்’ என்று பேசுகிறவர்களில் இப்போது நம்மவர்களையும் பார்க்கிறேன். பத்து ஆண்டுக்கு முன் இரண்டு பெட்டியோடு வந்து அபார்ட்மென்ட்டில் இறங்கியவர்களே அவர்கள். நெரிசலைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் ஏறிய பிறகு ஏணியை எடுத்துவிடுவது நமக்கு அழகில்லை.

அடுத்த இதழுக்காக உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் இருக்கும் ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். தரப்பட்டியல் எண்ணெல்லாம் வேண்டாம். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், இரவு எத்தனை மணிக்கு வருகிறீர்கள், வார நாளில் எத்தனை வேளை எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிறீர்கள், பார்க்கிங் பெர்மிட் எப்போது கிடைத்தது, வரி ரசீது எவ்வளவு, பேஸ்மென்ட்டில் தண்ணீர் வந்ததா, ஊரிலிருந்து வந்த அம்மா அப்பா என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். வீடு தேடும் குடும்பங்களுக்கு ஜூன் மாதத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும்; மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்